மெதுவாகப் போகும் ரயில்களில் சாக்சனி

திங்கள், மார்ச் 24, 2025. டிரெஸ்டன்

தேர்வெல்லாம் முடிந்தது. கடைசியாக எழுதியது நிலத்தடி நீர்ப் பாடம். எப்படி எழுதினேன் என்பதை மதிப்பெண் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரல் 7-ஆம் தேதிதான் தொடங்கும். கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் பார்சிலோனா, ரோம் என்று மலிவு விமானம் பிடித்துப் போய்விட்டார்கள். நான் படிக்கும் டிரெஸ்டன் இருப்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில்; இந்த வாரத்தை இங்கேயும் பக்கத்திலும் ரயிலிலேயே கழிப்பதாக இருக்கிறேன். இரவு அறைக்குத் திரும்பியதும் அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

ரயில் என்றதும் வழுக்கிக்கொண்டு ஓடும் வெள்ளை ஐசிஇ வேக வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பருவத்துக்கான பல்கலைக்கழகக் கட்டணத்தோடு சேர்த்து மாணவர் டிக்கெட்டுக்கென்று 176 யூரோ 40 சென்ட் பிடித்துவிட்டார்கள். மாதத்துக்கு 29.40. ஏப்ரலிலிருந்து அது 34.80 ஆகிறது. அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஜெர்மனி முழுக்க டிராம், பஸ், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், வட்டார ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். வேக ரயில்களில் மட்டும் கூடாது. ஆக நமக்கு வாய்த்தது ஊருக்கு ஊர் நின்று போகும் பாசஞ்சர். எனக்கு இதில் வருத்தம் கிடையாது. ஒரு நாட்டை அதன் சின்ன ஸ்டேஷன்களில்தான் பார்க்க முடியும் என்பது என் கட்சி.

இங்கே படிக்க வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது பணம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் நான் வந்தபோது பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,208 யூரோ போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. நம் பணம்தான், ஆனால் மாதம் 934-க்கு மேல் எடுக்க முடியாது. இப்போது வருபவர்களுக்கு அது 11,904. விடுதி வாடகை, இன்சூரன்ஸ், போன் எல்லாம் போக மிச்சத்தில் சாப்பிட வேண்டும். ஊர் சுற்றப் பணம் வருவது ஹிவி வேலையிலிருந்து, அதாவது பேராசிரியருக்கு எடுபிடியாகச் செய்யும் ஆய்வு உதவி.

இன்று தூரமாக எங்கும் போகவில்லை. மத்தியானம் எல்பே ஆற்றங்கரைக்கு நடந்தேன். போன செப்டம்பர் 11-ஆம் தேதி விடியற்காலையில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் விழுந்தது. விழுந்தது டிராம் தண்டவாளம் போன பகுதி. சற்று முன்புதான் ஒரு டிராம் கடந்து போயிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் தினம் ஏறும் 3-ஆம் எண் வண்டி அந்தப் பாலத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஜனவரியில் இடிபாடுகளை அகற்றும்போது உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் குண்டு ஒன்று கிடைத்து, சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றிவிட்டுச் செயலிழக்கச் செய்தார்கள். எண்பது வருஷத்துக்குப் பிறகும் இந்த ஊரில் மண்வெட்டி போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து ஃபிரௌவன்கிர்ஹே தேவாலயம் பக்கம்தான். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்து, இரண்டு நாள் கழித்து இடிந்து விழுந்த கட்டடம். கிழக்கு ஜெர்மனிக் காலம் முழுக்கக் கற்குவியலாகவே கிடந்தது. 1994-இல் தொடங்கி 2005-இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். வெளிர் மஞ்சள் சுவரில் ஆங்காங்கே கரிய கற்கள் தெரியும். அவை இடிபாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தவை. குண்டு கரிதான் அது என்று பயணிகளுக்குச் சொல்கிறவர்கள் உண்டு. எல்பே மணற்கல் வெயில் மழையில் கிடந்தால் தானாகவே கறுக்கும். புதிய கற்களும் ஒரு நாள் அதே நிறத்துக்கு வந்துவிடும்.

நான் படிப்பது நீர்வளப் பொறியியல். அதனால் ஓர் ஊருக்குப் போனால் வெள்ளக் குறியைத்தான் முதலில் தேடுவேன். 2002 ஆகஸ்டில் எல்பே இங்கே 9.40 மீட்டருக்கு ஏறியது. அதற்குச் சில நாள் முன்பே வைஸரிட்ஸ் என்ற சிற்றாறு ரயில் நிலையத்துக்குள் புகுந்துவிட்டது. ஊர் வளர்ந்தபோது அந்த ஆற்றை 1893-இல் வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். நூறு வருஷம் கழித்து வெள்ளம் வந்தபோது அது தன் பழைய வழியிலேயே திரும்பி வந்தது. கடைமடைக்காரர்களுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியம் இருக்காது.


செவ்வாய், மார்ச் 25. புல்ஸ்னிட்ஸ்

பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சீகன்பால்கு யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் பாதிரியார். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715-க்குள் அச்சிட்டு முடித்தவர். கடற்கரையில் இருக்கும் புது எருசலேம் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். டென்மார்க் ராஜா அனுப்பியதால் அவர் டென்மார்க்காரர் என்றுதான் எங்கள் ஊரில் பலருக்கும் நினைப்பு. பிறந்தது 1682-இல், நான் இப்போது குடியிருக்கும் விடுதியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் புல்ஸ்னிட்ஸில்.

காமென்ஸ் போகும் வண்டியில் ஏறினேன். இரண்டே பெட்டி. ராடபெர்க் வரை ஆட்கள் இருந்தார்கள், அப்புறம் நானும் ஒரு பாட்டியும் அவருடைய நாயும்தான். நாய்க்கு வாய்க்கூடு போட்டிருந்தது. ஒரு ஸ்டேஷனில் டிரைவர் இறங்கிப் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

புல்ஸ்னிட்ஸ் மொத்தமே கால் மணியில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர். சந்தைத் திடலில் நிற்கும் சிலை பாதிரியாருடையது அல்ல; ரீட்ஷெல் என்ற சிற்பியுடையது. வைமர் நகரில் ஜெர்மன் கவிஞர்கள் கேத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையைச் செய்தவர் இந்த ஊர்க்காரர். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இன்னொன்று, பெஃபர்கூகன் என்ற மசாலா ரொட்டி. 1558-இலிருந்து இங்கே அதைச் சுடுகிறார்கள். மாவையும் தேனையும் அல்லது பாகையும் பிசைந்து வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், அப்படியே ஊறப் போட்டுவிடுவார்கள். கொழுப்பு எதுவும் சேர்ப்பதில்லை. சுடும் முன்புதான் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் போகும். கிறிஸ்துமஸ் பண்டம்தான், ஆனால் இந்த ஊரில் வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். வழக்கமாக இந்தக் கேள்விக்குச் சென்னை என்று சொல்லி முடித்துவிடுவேன். இன்று துணிந்து தரங்கம்பாடி என்று, அவர்கள் சொல்கிற மாதிரி 'ட்ராங்கபார்' என்று சொன்னேன். துணிப்பையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "அப்படியானால் நீங்கள் சீகன்பால்கைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. இந்த ஊர் மாதா கோயிலுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு, தரங்கம்பாடியில் இப்போது குளிரா என்று கேட்டார். முப்பத்து மூன்று டிகிரி என்றதும் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு ரொட்டியைப் பையில் போட்டார். சாக்சன் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும், வல்லினமெல்லாம் குழைந்து வரும். ஆனாலும் இவரிடம் பேசி முடித்து வெளியே வந்தபோதுதான் அத்தனை நேரமும் ஆங்கிலம் வரவே இல்லை என்று உறைத்தது.

சீகன்பால்கு தமிழ் படித்தது எழுத்துப் பள்ளியில், பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதி. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. நான் ஜெர்மன் மொழியின் பி1 நிலைத் தேர்வுக்கு ஒரு செயலியில் பச்சைப் பொத்தானை அழுத்திப் படித்தேன். அவருடைய முறை மேல் என்றுதான் தோன்றுகிறது.

நான் எதிர்பார்க்காதது நீல அச்சுப் பட்டறை. மரக்கட்டையில் பித்தளை ஊசிகளைப் பதித்த அச்சு. அதைப் பசையில் ஒற்றி வெள்ளைத் துணியில் ஒவ்வொரு முறையும் விளிம்பு பார்த்து வைத்து, மேலே கையால் ஒரு தட்டு. பசை காய்ந்ததும் துணியை நட்சத்திர வடிவ இரும்பு வளையத்தில் மடிப்பு மடிப்பாகக் கொக்கிகளில் மாட்டி, அவுரிச் சாயத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போது துணி நீலமாக இல்லை. மஞ்சளும் பச்சையுமாக, வாழைக் குருத்து நிறத்தில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம் ஏறுகிறது. பிறகு பசையைக் கழுவினால் அந்த இடங்கள் மட்டும் வெள்ளைப் பூவாக நிற்கும். ஐரோப்பாவில் இந்த வேலை பரவியது நம் கரையிலிருந்து போன அச்சுத் துணிகளுக்கு இங்கே வந்த கிராக்கியால்தான். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து இடம் கொடுத்தார்கள். மேஜை விரிப்பின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

இரவு அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "அவ்வளவு தூரம் போயும் தரங்கம்பாடிதானா?" என்று பதில் வந்தது.


புதன், மார்ச் 26. டிரெஸ்டன்

வேலை நாள். ஹிவி ஒப்பந்தப்படி இன்று முழுக்க ஓடை அளவுமானிகள் அனுப்பிய எண்களைச் சலித்தேன். நள்ளிரவில் ஓடையில் தண்ணீர் திடீரென்று நாற்பது சென்டிமீட்டர் ஏறி அடுத்த நிமிடமே இறங்கினால் அது வெள்ளமில்லை, மானியில் சருகு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட எண்களைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் வேலை.

மத்தியானம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், உருளைக்கிழங்கும் குவார்க் என்ற கெட்டித் தயிர் மாதிரியான பாலாடைக்கட்டியும் ஆளிவிதை எண்ணெயும். இந்தப் பக்கத்து ஏழை உணவு. கொஞ்சம் உப்பும் வெங்காயமும் போட்டுக்கொண்டால் தயிர் சாதத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். மென்சாவில் மாணவருக்கு மூன்று நான்கு யூரோவில் வயிறு நிறைந்துவிடும். வேறெங்கும் அந்தக் காசுக்கு ஒரு காபிதான்.

மாலை நூலகம். ஸ்லூப் என்று எல்லோரும் சொல்வார்கள். புல்தரைக்குக் கீழே பூமிக்குள் இருக்கும் படிப்பறை, மேலே கண்ணாடிக் கூரை. தேர்வு முடிந்துவிட்டதால் இடம் பிடிக்கச் சண்டை இல்லை. இதே கட்டடத்தின் கருவூல அறையில் மெக்சிகோ பக்கத்துப் பழங்குடியான மாயா மக்களின் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மாயாச் சுவடிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று, 1739-இல் வியன்னாவில் வாங்கியது. அத்திமரப் பட்டையில் செய்த தாள், விசிறி மடிப்பு. வெள்ளி கிரகமும் கிரகணங்களும் எப்போது வரும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்துச் சொன்னவர் மெக்சிகோவில் காலே வைக்காத இந்த நூலகத்தின் நூலகர், ஃபர்ஸ்டெமன். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவ்வளவும். ஹிவி வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலான செய்தி.


வியாழன், மார்ச் 27. ஹாலே

விடிவதற்கு முன் கிளம்பினேன். டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் போகும் பாதை 1839-இல் திறந்தது, ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை. லைப்சிக்கில் வண்டி மாற வேண்டும். நடைமேடைகள் முடியும் இடத்தில் அந்த ஸ்டேஷனின் கூடம் விரிந்து கிடப்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதவில்லை. ஆனால் அடுத்த எஸ்-பான் நிற்காது. லைப்சிக்கை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஹாலேயில் நான் பார்க்கப் போனது ஃபிராங்கே நிறுவனங்கள். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698-இல் தொடங்கிய அநாதை இல்லம். பள்ளி, மருந்தகம், அச்சகம், நூலகம் என்று வளர்ந்து சிறு நகரமாகவே ஆகிவிட்டது. நடுவில் நீண்ட முற்றம், இருபுறமும் கட்டடங்கள். ஒரு பக்கம் ஆறு மாடி உயரத்துக்கு மரச்சட்டகத்தில் கட்டிய நீளமான வீடு. இன்றும் உள்ளே பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகத் துறைகளும் நடக்கின்றன. முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சீகன்பால்கு ஹாலேயில் கொஞ்ச காலம் படித்தவர். தரங்கம்பாடிக்குப் போன பிறகு அவருக்கு வேண்டிய ஆட்கள், பணம், மருந்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த முற்றம்தான் இருந்தது. 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அனுப்பியதும் இங்கிருந்துதான். ஓலையில் எழுதியதைப் பார்த்து, தமிழ் தெரியாத கொல்லர்கள் செதுக்கிய எழுத்து. அளவு பெரிது, அதை வைத்து அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயரில் அந்த இடம் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறது, காகிதம்தான் இல்லை.

அநாதை இல்லக் கட்டடத்தின் உச்சியில், கூரைச் சரிவுக்குக் கீழே, அவர்களுடைய அதிசயப் பொருள் அறை. பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்த அதே அலமாரிகள், உச்சியில் வண்ணம் தீட்டிய பலகைகள். உள்ளே இருப்பவை என்ன என்பதற்கேற்ப ஒவ்வொன்றின் தலையிலும் படம்: சங்கு, பாம்பு, நாணயம். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. மூவாயிரம் பொருள்கள் என்கிறார்கள். அநாதைப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிப் பாடம் நடத்தச் சேர்த்தவை. தென்னிந்தியப் பொருள்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. காவலுக்கு இருந்தவர் வந்து ஏதாவது விளக்கம் வேண்டுமா என்று கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஓலைக்கட்டு. இடது பக்கத் துளையில் கயிறு. எழுத்தாணி. எழுத்தைப் படிக்க முயன்றேன். புள்ளி இல்லாமல், சொல் பிரிக்காமல் ஓடும் தமிழ். ஒன்றிரண்டு சொல் மட்டும் பிடிபட்டது. தமிழ்தான் என் மொழி என்று அவரிடம் சொன்னதும், என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். விளக்கம் கொடுக்க வந்தவருக்கு நான் உளறிக்கொட்டியதை இங்கே எழுதப் போவதில்லை.

சீகன்பால்கின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கலப்படமானது. வந்தது மதம் மாற்ற. அதில் அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஊர் மக்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த 99 பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். அவை அச்சிலும் வந்தன. உங்கள் சாமிகள் யார், பாவம் என்றால் என்ன, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். நம்மவர்கள் சளைக்காமல் பதில் எழுதியிருக்கிறார்கள். அதே ஆர்வத்தில் 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதி அனுப்பியபோது ஃபிராங்கேவுக்குப் பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிவைத்த ஆள் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்று கையெழுத்துப் பிரதியை அச்சிடாமல் வைத்துவிட்டார். 1867-இல் சென்னையில்தான் அது புத்தகமாக வந்தது. நூற்றைம்பது வருஷம் அலமாரியில் தூங்கிய ஆய்வறிக்கை! பேராசிரியர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் என் சக மாணவர்கள் கவனிக்கவும்.

தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவரோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தார் என்பதையும், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ரயில் முக்கால் மணி தாமதம், இணைப்பு வண்டி போய்விட்டது. லைப்சிக் ஸ்டேஷனில் காலிப் பாட்டில் பொறுக்கும் ஒருவர் என் கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டிக் கேட்டார். கொடுத்தேன். கடையில் எந்திரத்துக்குள் போட்டால் அதற்கு 25 சென்ட் கிடைக்கும்.


வெள்ளி, மார்ச் 28. ராத்தன்

வீட்டுப்பாடம் போதும், இன்று மலை. எஸ்1 வண்டி எல்பேயின் கரையோடே போகிறது; வலது கை ஜன்னலில் உட்காராதீர்கள், ஆறு இடது பக்கம். ராத்தனில் இறங்கினால் ஊரின் பெரும்பகுதி அக்கரையில். பாலம் கிடையாது.

கடத்துப் படகுக்கு எஞ்சினும் கிடையாது. மேலே ஆற்றின் நடுவில் நங்கூரமிட்ட நீண்ட கம்பிவடம் ஒன்று; அதில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஓடும் தண்ணீரே அதைப் பக்கவாட்டில் தள்ளி அக்கரை சேர்க்கிறது. மறுபடி சாய்த்தால் இக்கரை. கூட வந்த என் விடுதிப் பெண்ணுக்கு இதில் சுவாரசியம் இல்லை. நான் மட்டும் போய்த் திரும்பி மறுபடி போனேன். நீரோட்ட விசையைக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கை எழுதிப் பாஸ் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு ஏது?

மார்ச்சில் மழையே பெய்யவில்லை, ஆறு இளைத்துக் கிடக்கிறது. எல்லை தாண்டி செக் நாட்டில் டெசின் என்ற ஊரில் இதே ஆற்றுக்குள் ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் வெகுவாக வற்றினால்தான் வெளியே தெரியும். அதில் ஜெர்மனில் செதுக்கியிருப்பது: "என்னைக் கண்டால் அழு." வறட்சி வந்தால் படகும் ஓடாது, ஆலையும் சுற்றாது, பஞ்சம் என்று அர்த்தம். வெள்ளக் குறியைப் போலவே வறட்சிக் குறியும் வேண்டும் என்று நினைத்த அந்த ஆள் யாராக இருந்தாலும் நல்ல நீரியலாளர்.

பாஸ்டை பாறைகள் ஆற்றுக்கு மேல் 194 மீட்டர். படிகள் செங்குத்து. உச்சியில் பாறைக்குப் பாறை போட்ட கல் பாலம், 1851-இல் கட்டியது, 76.5 மீட்டர் நீளம். அதில் நின்று படம் எடுக்காமல் வந்தவர் இருக்க முடியாது. வரிசை கட்டி நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது எதிரே தூண் மாதிரி நின்ற பாறையில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர். இந்த மலையில் ஏறுவதற்குத் தனிச் சட்டதிட்டம். விரிசலில் உலோகக் கட்டைகளைச் செருகக்கூடாது. கயிற்றில் முடிச்சுப் போட்டு அந்த முடிச்சைத்தான் செருகிக்கொள்ள வேண்டும். கைக்கு வெள்ளைப் பொடி பூசக்கூடாது. பாறை ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது, ஈர மணற்கல் உதிர்ந்துவிடும். மனிதன் விழுவதைவிடக் கல் தேய்வதைப் பற்றித்தான் விதிகள் அதிகம் கவலைப்படுகின்றன.

கீழே இறங்கும்போது புல்ஸ்னிட்ஸ் ரொட்டியைத் தின்றோம். விடுதிப் பெண் ஹனோயிலிருந்து வந்தவர். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து இங்கேயே தங்கிவிட்ட வியட்நாமியர்கள் டிரெஸ்டனில் நிறைய. கொத்தமல்லி, பச்சை மிளகாய், நல்ல அரிசி எல்லாம் எனக்குக் கிடைப்பது அவர்கள் கடையில்தான்.


சனி, மார்ச் 29. கோர்லிட்ஸ்

ஜெர்மனியின் கிழக்கோரம். வழியில் பவுட்சன் ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது, ஜெர்மனிலும் சோர்பியனிலும். சோர்பியர் இங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இருக்கும் சிறிய ஸ்லாவிய இனம். பெயர்ப்பலகையில் தங்கள் மொழி இருப்பதற்கு எவ்வளவு போராட வேண்டியிருக்கும் என்பதை நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோர்லிட்ஸில் குண்டு விழவில்லை என்றே சொல்லலாம். அதனால் கோதிக், மறுமலர்ச்சி, பரோக் என்று எல்லாக் காலத்து வீடும் தெருத் தெருவாக அப்படியே நிற்கிறது. படப்பிடிப்புக்காரர்கள் விடாமல் வருகிறார்கள். கீழ்ச் சந்தையில் ஒரு வீட்டு வாசல் வளைவு. ஒரு முனையில் முகத்தை வைத்துக் கிசுகிசுத்தால் கல் பள்ளம் வழியாக மறுமுனையில் கேட்கும். எனக்கு முன்னால் நின்ற ஜோடியின் ரகசியத்தை நான் கேட்டுவிட்டேன். சாப்பாடு எங்கே என்பதுதான்.

மடாலயத் திடலில் 1565-இல் தொடங்கிய பள்ளி. சீகன்பால்கு பாதிரியார் ஆவதற்கு முன் இங்கேதான் படித்தார். ஊருக்கு ஊர் இந்த மனிதர் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்.

நைஸே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போலந்து. 1945 வரை ஒரே ஊர். போருக்குப் பிறகு ஆறு எல்லையாகிவிட்டது, அந்தப் பாதி ஸ்கோஷலெட்ஸ். போர் முடியும் நேரத்தில் தகர்த்த பழைய பாலத்தின் இடத்தில் 2004-இல் நடைபாலம் போட்டார்கள். நடந்து போய்ப் பியெரோகி சாப்பிட்டேன், சோமாசியை அவித்த மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். திரும்பும்போது ஜெர்மன் பக்கத்தில் போலீசார் நின்றார்கள். கூட்டத்தில் என்னிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் மட்டும் அட்டை கேட்டார்கள். அந்த இரண்டு பேர் எந்த நிறம் என்று எழுத வேண்டுமா? குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும், இங்கே வருகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அதற்காக அது நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 15 பாகை இந்த ஊர் வழியாகப் போகிறது என்பதற்கான அடையாளம். 1893-இல் ஜெர்மனி முழுக்க ஒரே நேரம் வைத்தபோது இந்தக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நம் நேரம் 82.5 பாகையில், மிர்சாப்பூர் பக்கம். கழித்தால் 67.5, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், மொத்தம் நாலரை மணி நேரம். வீட்டுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணும் அந்த நாலரை இங்கேதான் தொடங்குகிறது.


ஞாயிறு, மார்ச் 30. டிரெஸ்டன்

அந்த நாலரை இன்று மூன்றரை ஆகிவிட்டது. அதிகாலை இரண்டு மணியை மூன்றாக்கிக் கோடை நேரத்துக்கு மாறிவிட்டார்கள். அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்காது. "வெயிலுக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணியா?"

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், துணி துவைத்தேன். மத்தியானம் சமையலறையில் சாம்பார். கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, கதவை மூடி, புகை அலாரத்தின் அடியில் ஒருவரை அட்டையோடு விசிறச் சொல்லி நிறுத்துவது எங்கள் வழக்கம். இன்று விசிறியவர் எங்கள் மாடியிலேயே இருக்கும் சாக்சன் பெண். காமென்ஸில் பிறந்து வளர்ந்தவர், சீகன்பால்கின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. சாப்பிட்டபடியே போனில் வரைபடத்தைப் பெரிதாக்கித் தரங்கம்பாடியைக் கண்டுபிடித்தார். கோட்டை, கடல், ஆலயம் எல்லாம் பார்த்தார். படிப்பு முடிந்ததும் ஒரு தடவை போக வேண்டும், ஸ்டேஷன் எங்கே இருக்கிறது, காணவில்லையே என்றார்.

இருந்தது என்றேன். 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து பாதை போட்டார்கள், 1986-இல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.